முதல் கேமரா வாங்கப் போகிறீர்களா? சரியாக விழாத படங்களை முதலில் எடுத்து வையுங்கள்

"ஒரு கேமரா வாங்கணும், எது நல்லா இருக்கும்?" என்று மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கழுத்தில் கேமராவோடு திரிகிறவன் என்று பெயர் வாங்கியதன் பலன். நான் உடனே எந்த மாடலையும் சொல்வதில்லை. "உங்க ஃபோன்ல எடுத்ததுல எந்தப் படம் சரியா விழலை, அதைக் காட்டுங்க" என்பேன். சிலர் சிரிப்பார்கள். சிலர் ஃபோனை எடுத்து விரலால் தள்ளிக்கொண்டே போவார்கள். பத்து நிமிடத்தில் அவர்களுக்கு என்ன வேண்டும் என்று இரண்டு பேருக்குமே புரிந்துவிடும்.

நன்றாக விழுந்த படங்களுக்கு ஃபோனே போதும், அதற்காகப் புதிதாகப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. பணம் போடுவது விழாத படங்களுக்காகத்தான். ஆனால் கடைக்குப் போகிறவர்கள் மெகாபிக்சலைக் கேட்கிறார்கள், ஜூம் எத்தனை மடங்கு என்று கேட்கிறார்கள், கூடவே பை இலவசமா என்று கேட்கிறார்கள். தன் படம் ஏன் கெட்டது என்று மட்டும் கேட்பதில்லை.

1. குவியல் பிரியுங்கள்

கடந்த ஒரு வருடப் படங்களைத் திறந்து, "இது நல்லா வந்திருக்கணுமே" என்று மனது அடித்துக்கொள்ளும் இருபது படங்களைப் பொறுக்குங்கள். அழித்துவிட்டிருந்தால் நினைவில் இருப்பதை ஒரு தாளில் எழுதினாலும் சரி. ஒவ்வொன்றும் ஏன் கெட்டது என்று பார்த்தால், பெரும்பாலும் நான்கு காரணங்களில் அடங்கிவிடும்.

இருட்டு: படம் புள்ளி புள்ளியாக, சாயம் போன துணி மாதிரி இருக்கும். தூரம்: ஆள் கடுகளவு தெரிவார், விரலால் விரித்துப் பெரிதாக்கினால் முகம் கரைந்துபோகும். அசைவு: கை இரண்டு மூன்றாகத் தெரியும், முகம் இழுபட்டிருக்கும். பின்னணி: மணப்பெண்ணின் தலைக்குப் பின்னால் பெடஸ்டல் ஃபேன், அதற்குப் பின்னால் வாயில் லட்டோடு யாரோ ஒரு மாமா.

ஐந்தாவதாக ஒரு குவியல் சேரலாம். வெளிச்சம் இருக்கிறது, ஆள் பக்கத்தில்தான் இருக்கிறார், எதுவும் ஆடவில்லை, ஆனாலும் படம் சப்பென்று இருக்கிறது. உங்கள் இருபதில் பதினைந்து இந்த வகை என்றால் இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். மத்தியானம் பன்னிரண்டு மணி வெயிலில் எடுப்பதை விட்டுவிட்டுக் காலை ஆறரைக்கோ மாலை ஐந்தரைக்கோ அதே ஃபோனோடு மூன்று மாதம் நடங்கள். செலவு மிச்சம், உடம்புக்கும் நல்லது.

என் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் இந்தக் குவியல் வேலையைச் செய்தபோது அவருடைய இருபதில் பதினேழு ஒரே விஷயம்: மகள் பள்ளி ஆண்டு விழாவில் பரதம் ஆடியது. மேடையில் மங்கலான வெளிச்சம், அவர் உட்கார்ந்திருந்தது பின்வரிசை, பிள்ளை நிற்காமல் ஆடுகிறாள். இருட்டு, தூரம், அசைவு மூன்றும் ஒன்றாக வந்து நிற்கிற இடம் அது. கேமராவுக்கு இதைவிடக் கடினமான பரீட்சை வீட்டுச் சூழலில் குறைவு. அவர் ஏற்கெனவே ஒரு முடிவோடுதான் வந்திருந்தார்: 125 மடங்கு ஜூம் உள்ள கேமரா. ஏன் வேண்டாம் என்றேன் என்பதைச் சொன்னாலே இந்தக் கட்டுரையில் பாதி முடிந்துவிடும்.

2. இருட்டுக் குவியல் பெரிதாக இருந்தால்

கேமராவுக்குள் வெளிச்சம் விழும் தகடுதான் சென்சார். அது எவ்வளவு பெரிதோ அவ்வளவு வெளிச்சம் சேரும். அதன் அளவைப் பெட்டியின் மேல் யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை, நாம்தான் தேட வேண்டும்.

ஃபுல் ஃபிரேம் என்பது 36 × 24 மி.மீ., பழைய ஃபிலிம் ரோலில் ஒரு நெகட்டிவ் இருந்த அளவு. ஏபிஎஸ்-சி என்பது ஏறத்தாழ 23.5 × 15.6 மி.மீ., ஒரு சின்னத் தபால்தலை. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3 × 13. அதற்கும் கீழே "1 இன்ச் சென்சார்" என்று ஒன்று உண்டு. அதன் அகலம் 13.2 மி.மீ.தான், இன்ச் எங்கே என்று ஸ்கேல் வைத்துத் தேடாதீர்கள். அந்தக் காலத்து வீடியோ கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்து வந்த பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடைசியாக 1/2.3 இன்ச் வகை: 6.2 × 4.6 மி.மீ., சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. அந்த 125 மடங்கு ஜூம் கேமராவான நிக்கான் கூல்பிக்ஸ் பி1000-க்குள் இருப்பது இதுதான். பரப்பைப் பெருக்கிப் பாருங்கள்: ஏபிஎஸ்-சி சென்சார் இதைப்போல் 13 மடங்கு. இன்று விலை கூடிய பல ஃபோன்களின் முதன்மைக் கேமராவில்கூட இதைவிடப் பெரிய சென்சார் இருக்கிறது. ஃபோனில் இருட்டாக விழுந்த மேடைப் படத்தை அதைவிடச் சின்னச் சென்சாரில் எடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சென்சார் ஒரு பாதி, மறுபாதி லென்ஸின் துளை. லென்ஸில் எஃப் 1.8, எஃப் 5.6 என்று ஓர் எண் இருக்கும். எண் சிறிதானால் துளை பெரிது. இந்தத் தலைகீழ்க் கணக்கு ஆரம்பத்தில் எல்லோரையும் குழப்பும், பழகிவிடும். கேமராவோடு சேர்த்துத் தருகிற கிட் லென்ஸை முழுதாக ஜூம் செய்தால் துளை எஃப் 5.6 ஆகச் சுருங்கும், இப்போது வருகிற மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகைக் கேமரா, ஐந்தாம் பகுதியில் வருகிறது) கிட் லென்ஸ்கள் பலவற்றில் எஃப் 6.3. அதற்குப் பதில் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றைப் போட்டால், 5.6-ஐவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். கிட் லென்ஸில் ஷட்டரை, அதாவது சென்சாருக்கு முன்னால் இருக்கும் கதவை, நொடியில் அறுபதில் ஒரு பங்கு திறந்து வைத்தால்தான் விழும் படம், இந்த லென்ஸில் ஐந்நூறில் ஒரு பங்கிலேயே விழுந்துவிடும். ஆடுகிற பிள்ளையின் விரல் தெளிவாகத் தெரிவதும் தெரியாமல் போவதும் இந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

அதனால் இருட்டுக் குவியல் பெரிதாக இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள ஒரு சாதாரண பாடி (லென்ஸ் இல்லாத கேமரா உடம்பு), கூடவே 50 மி.மீ. எஃப் 1.8 பிரைம் லென்ஸ். பிரைம் என்றால் ஜூம் ஆகாது, முன்னே பின்னே நடக்க வேண்டும். பெரும்பாலான கம்பெனிகளில் மலிவான லென்ஸ் வரிசையில் இதுவும் ஒன்று. பின்னணிக் குவியலுக்கும் இதே மருந்துதான். பெடஸ்டல் ஃபேனும் லட்டு மாமாவும் பஞ்சு மாதிரி கரைந்துவிடுவார்கள். ஃபோனின் போர்ட்ரெய்ட் மோடும் இதைச் செய்கிறதே என்றால், செய்கிறது. ஆனால் ஜிமிக்கியில் பாதியையும் தலையில் வைத்த மல்லிகைச் சரத்தையும் சேர்த்துக் கரைத்துவிடும்.

3. தூரக் குவியல்

தூரத்தை மி.மீ. கணக்கில் பேசுவார்கள். எண் கூடக்கூடத் தூரத்துப் பொருள் பக்கத்தில் வரும். சென்சார் சின்னதாக இருந்தால் அதே லென்ஸ் இன்னும் நெருக்கிக் காட்டும். ஏபிஎஸ்-சியில் 50 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃபிரேமில் 75 அல்லது 80 மி.மீ. லென்ஸ் காட்டுவதைக் காட்டும்.

நடைமுறையில் பார்ப்போம். ஏபிஎஸ்-சி கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் போட்டு, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து எட்டு மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால் மூன்றரை மீட்டர் உயரம் படத்தில் அடங்கும். ஒரு நாட்டியக்காரி தலை முதல் சலங்கை வரை, மேலே கொஞ்சம் இடம் விட்டு அழகாக அடங்குவாள். அதுவே பதினைந்து மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் ஏழு மீட்டர் உயரம் விழும், பிள்ளை சின்னதாகிவிடுவாள். அங்கே 85 மி.மீ. வேண்டும். இந்தக் கணக்குக்கு இன்னொரு விடையும் உண்டு: அரை மணி நேரம் முன்னால் போய் மூன்றாவது வரிசையில் இடம் பிடிப்பது. 85 மி.மீ. லென்ஸைவிட மலிவு.

பறவை என்றால் கதை வேறு. வேடந்தாங்கலுக்கு நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போயிருப்பீர்கள். கரையில் நின்றால் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் ஏரிக்குள் இருக்கும் மரங்களில்தான் உட்கார்ந்திருக்கும். கிட் லென்ஸில் மரம் விழும், பறவை வெள்ளைப் புள்ளியாக விழும். இங்கே குறைந்தது 300 மி.மீ., ஆசை பிடித்தால் 600 வரை. 150–600 மி.மீ. ஜூம் லென்ஸ் ஒன்று தனியாகவே இரண்டு கிலோவுக்குப் பக்கத்தில் வரும். அதைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரையில் நடக்க நீங்கள் தயாரா என்று முழங்கையைத்தான் கேட்க வேண்டும்.

நான் மேலே குறை சொன்ன பி1000-க்கு நியாயம் செய்ய வேண்டிய இடமும் இதுதான். ஃபுல் ஃபிரேம் கணக்கில் 24 முதல் 3000 மி.மீ. வரை போகிற அதன் லென்ஸ், கேமராவோடு சேர்த்தே 1.4 கிலோ எடையில், வேறு எந்த வழியிலும் சாதாரண மனிதர் எட்ட முடியாத தூரத்தைக் காட்டும். நல்ல காலை வெயிலில், ட்ரைபாட் மேல் வைத்து, இது என்ன பறவை என்று அடையாளம் காண்பதற்கும் நிலாவைப் படம் எடுப்பதற்கும் அருமையான பொருள். மேடைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் ஆகாது, முழு ஜூமில் அதன் துளை எஃப் 8. ஜூம் கேமரா எது வாங்கினாலும் பெட்டியில் "ஆப்டிக்கல்" என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள். "டிஜிட்டல் ஜூம்" என்பது நீங்கள் ஃபோனில் விரலால் விரிப்பதேதான்.

4. அசைவுக் குவியல்

ஓடுகிற குழந்தைக்கு ஷட்டர் நொடியில் 500-ல் ஒரு பங்கு வேண்டும், பறக்கும் கொக்குக்கு 2000-ல் ஒரு பங்கு. அதற்கு வெளிச்சம் வேண்டும், ஆகவே பேச்சு மறுபடி சென்சாரிலும் துளையிலும் வந்து நிற்கும். இங்கே ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது: "ஸ்டெபிலைசேஷன் இருக்கு சார், ஆடாது" என்பார்கள். அது உங்கள் கை ஆடுவதைத்தான் சரிசெய்யும். பிள்ளை ஆடுவதை நிறுத்தாது.

புதிதாகப் பார்க்க வேண்டியது ஃபோகஸ். இப்போது வருகிற மிரர்லெஸ் கேமராக்களில் சென்சாரே ஃபோகஸ் வேலையையும் செய்வதால், ஆளின் கண்ணை அடையாளம் கண்டு அதையே தொடர்ந்து பிடித்துக்கொள்ளும். குழந்தைகளையும் நாயையும் எடுக்கிறவர்களுக்கு கடந்த பதினைந்து வருடத்தில் கிடைத்த மிகப் பெரிய சலுகை இது என்பேன்.

5. டிஎஸ்எல்ஆரா, மிரர்லெஸ்ஸா?

டிஎஸ்எல்ஆருக்குள் ஒரு கண்ணாடி இருக்கும். லென்ஸ் வழியாக வரும் காட்சியை அது மேலே திருப்பி உங்கள் கண்ணுக்கு அனுப்பும்; பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே தூக்கி, சென்சாருக்கு வழிவிடும். அந்த "சடக்" சத்தம் அதுதான். மிரர்லெஸ்ஸில் கண்ணாடி கிடையாது, சென்சார் பார்ப்பதையே சின்னத் திரையில் காட்டும். படம் எப்படி விழப் போகிறது என்பது எடுப்பதற்கு முன்பே தெரியும். புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு இது பெரிய உதவி. பேட்டரி மட்டும் சீக்கிரம் தீரும், இரண்டாவது பேட்டரியைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதில் சந்தேகமில்லை. கேனானும் நிக்கானும் 2018-ல் தங்கள் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் வரிசைகளைத் தொடங்கின, அதற்கு ஐந்து வருடம் முன்பே சோனி தொடங்கிவிட்டது. புதிதாக வரும் பாடியும் லென்ஸும் ஏறக்குறைய எல்லாமே இப்போது அந்தப் பக்கம்தான். அதனாலேயே பழைய டிஎஸ்எல்ஆர்கள் செகண்ட் ஹேண்டில் விலை இறங்கிக் கிடக்கின்றன. கையில் கொஞ்சம் பணம் இருந்து, கற்றுக்கொள்வதுதான் நோக்கம் என்றால் நல்ல நிலையில் இருக்கும் பழைய கேனான், நிக்கான் டிஎஸ்எல்ஆர் ஒன்று தாராளமாகப் போதும். கடையில் புதிது வாங்குவதென்றால் மிரர்லெஸ்.

நிக்கான் டிஎஸ்எல்ஆர் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. டி3500, டி5600 போன்ற தொடக்க நிலை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய 50 மி.மீ. எஃப் 1.8 "டி" லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், கையால் திருகித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். "ஜி" என்று முடியும் ஏஎஃப்-எஸ் லென்ஸில் இந்தச் சிக்கல் இல்லை. ஓர் எழுத்துதான் வித்தியாசம், கேட்டு வாங்குங்கள்.

6. பாடியைப் பார்க்கும் முன் லென்ஸ் விலையைப் பாருங்கள்

பாடி நான்கைந்து வருடத்தில் பழசாகும், லென்ஸ் பல வருடம் உழைக்கும். அதோடு ஒரு கம்பெனி பாடிக்கு இன்னொரு கம்பெனி லென்ஸ் நேராகப் பொருந்தாது. எனவே பாடி வாங்கும்போதே எந்தக் கம்பெனி லென்ஸ்களோடு குடித்தனம் நடத்தப் போகிறீர்கள் என்பதும் முடிவாகிவிடுகிறது.

செய்ய வேண்டியது எளிது. மனதில் இருக்கும் பாடிக்கு, உங்கள் குவியல் கேட்கும் லென்ஸ் என்ன விலை என்று முதலில் பாருங்கள். சோனி வரிசைக்கு சிக்மா, டாம்ரான் போன்ற வேறு கம்பெனிகளும் பல வருடமாக லென்ஸ் செய்வதால் தேர்வு அதிகம். கேனான் மிரர்லெஸ்ஸுக்கு அவை 2024-ல்தான் வரத் தொடங்கின, அதுவும் ஏபிஎஸ்-சிக்கானவை. ஆனால் கேனானில் ஓர் அடாப்டர் வாங்கிப் போட்டால் பழைய டிஎஸ்எல்ஆர் லென்ஸ்கள் ஃபோகஸ் உட்பட நன்றாக வேலை செய்யும், அவை செகண்ட் ஹேண்டில் குவிந்து கிடக்கின்றன. உறவில் யாரிடமாவது பழைய லென்ஸ் தூங்குகிறதா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். சித்தப்பாவின் பீரோவில் இருக்கும் ஒரு லென்ஸ் உங்கள் கம்பெனியை முடிவு செய்தால் அதில் தவறே இல்லை.

பணத்தைப் பிரிக்க என் கணக்கு இது: நூறு ரூபாய் என்று வைத்தால் பாடியும் கிட் லென்ஸும் சேர்த்து அறுபதுக்குள், இரண்டாவது லென்ஸுக்கு இருபத்தைந்து, மிச்சம் பதினைந்து மெமரி கார்டு, பேட்டரி, பைக்கு. நூறையும் பாடியில் கொட்டிவிட்டுக் கிட் லென்ஸோடு இருப்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

7. மெகாபிக்சல் பற்றிச் சீக்கிரமாக

ஃபுல் எச்டி டிவிக்கு 2 மெகாபிக்சல் போதும், 4கே டிவிக்கு 8. கல்யாண ஆல்பத்தின் 12 × 18 அங்குலப் பக்கத்தை மிகத் துல்லியமாக அச்சிட 19 அல்லது 20. இன்று கடையில் இருக்கும் தொடக்க நிலை கேமராக்கள் பலவும் 24 மெகாபிக்சல். காதுகுத்து ஃப்ளெக்ஸுக்கு அதிகம் வேண்டாமா என்று கேட்பார்கள். ஃப்ளெக்ஸைச் சாலையின் மறுபக்கத்திலிருந்து பார்க்கிறோம், அதற்கு ஃபோன் படமே போதும். இந்த எண்ணைப் பற்றி இதற்கு மேல் கவலைப்படாதீர்கள்.

8. வீடியோவும் உண்டா?

சமையல், பயணம், கச்சேரி என்று வீடியோவும் எடுக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் மைக் செருகும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். படம் சுமாராக இருந்தாலும் பார்ப்பார்கள், சத்தம் கெட்டால் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். கேனான் 1500டி, நிக்கான் டி3500 இரண்டிலும் மைக் செருக வழியில்லை. அடுத்து, திரை முன்பக்கம் திரும்புமா என்பது. உங்களை நீங்களே எடுக்க அது வேண்டும்.

பழைய கேமராக்கள் பலவற்றில் வீடியோ 29 நிமிடம் 59 நொடியில் தானாக நின்றுவிடும். பழுது இல்லை. அரை மணிக்கு மேல் பதிவு செய்தால் ஐரோப்பாவில் அது வீடியோ கேமரா என்ற கணக்கில் வந்து கூடுதல் சுங்கவரி விழும் என்பதால் அப்படி வைத்தார்கள். அங்கே இருந்த வரிக்கு இங்கே தனி ஆவர்த்தனத்தின் நடுவில் கேமரா நிற்கும். கச்சேரி எடுக்கிறவர்கள் செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள். சில மலிவு மாடல்களில் 4கே வைத்தால் படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டு, காட்சி ஜூம் ஆனது போலாகும். அதையும் கடையிலேயே வைத்துப் பார்த்துவிடலாம்.

9. தண்ணீர் பாட்டில் சோதனை

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் துணிப்பையில் போட்டு ஒரு மாலை முழுவதும் தோளில் மாட்டிக்கொண்டு திரியுங்கள். ஃபுல் ஃபிரேம் பாடியும் நல்ல ஜூம் லென்ஸும் சேர்ந்தால் அதைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும். கேனான் ஆர்50 போன்ற சின்ன மிரர்லெஸ்ஸும் கிட் லென்ஸும் சேர்ந்து அரை கிலோதான். பாட்டிலை அரை மணியில் இறக்கி வைத்தீர்கள் என்றால், பெரிய கேமரா உங்கள் வீட்டு பீரோவுக்குத்தான் போகும். லென்ஸ் மாற்றும் தொல்லையே வேண்டாம், சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும் என்கிறவர்களுக்கு 1 இன்ச் சென்சார் உள்ள சோனி ஆர்எக்ஸ்100 வரிசையும், ஏபிஎஸ்-சி சென்சாரை அதே அளவு உடம்புக்குள் அடக்கிய ரிக்கோ ஜிஆர் வரிசையும் இருக்கின்றன. விலையைக் கேட்டால் கொஞ்சம் உட்கார வேண்டியிருக்கும்.

10. கடையில்

உங்கள் மெமரி கார்டை எடுத்துப் போங்கள். அனுமதி கேட்டு அதில் பத்துப் படம் எடுங்கள்: கடையின் இருண்ட மூலை, நடந்து வருகிற ஊழியர், கண்ணாடிக் கதவுக்கு வெளியே வெயில். வீட்டில் பெரிய திரையில் பார்த்துவிட்டு மறுநாள் முடிவு செய்யலாம். கண்ணில் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் ஊர் வெயிலில் பின்பக்கத் திரை கறுப்புக் கண்ணாடி மாதிரிதான் தெரியும். நிக்கான் இசட்30, சோனி இசட்வி-இ10 இரண்டிலும் வியூஃபைண்டர் கிடையாது. வீடியோக்காரர்களுக்காகச் செய்தவை அவை. கண்ணாடி அணிபவர்கள் வியூஃபைண்டர் பக்கத்தில் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருகித் தங்கள் பார்வைக்குச் சரிசெய்துவிட்டு அப்புறம் குறை சொல்லுங்கள்.

"பில் வேண்டாம்னா கொஞ்சம் குறைச்சுப் போடலாம்" என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். 2019 ஜனவரியில் கேமராவுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது, அந்தப் பதினெட்டை மிச்சம் பிடிக்கும் ஆசைதான். பில் இல்லாமல் வரும் பெட்டி வெளிநாட்டிலிருந்து வந்ததாக இருக்கலாம், இந்திய வாரண்டி செல்லாது. பெட்டியிலும் பாடியின் அடியிலும் பில்லிலும் சீரியல் எண் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

இலவசமாகத் தரும் ட்ரைபாடைப் பற்றி ஒரு வார்த்தை. என் முதல் கேமராவோடு ஒன்று தந்தார்கள். மெரினாவில் சூரிய உதயம் எடுக்க விரித்து வைத்தேன், காற்று ஒருமுறை அடித்தது. கேமரா மணலில் மூக்கு குப்புற விழுந்தது. ஜூம் வளையம் அதற்கப்புறம் ஒரு வருடம் நறநறவென்றே திரும்பியது. இலவசத்துக்குப் பதில் அதே மதிப்புக்கு ஒரு நல்ல மெமரி கார்டு கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். 64 ஜிபி கார்டில் 24 மெகாபிக்சல் ரா படங்கள் (சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் பெரிய கோப்புகள்) இரண்டாயிரம் வரை பிடிக்கும். வீடியோ அப்படியில்லை, 100 எம்பிபிஎஸ் வேகத்தில் 4கே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி போய்விடும். வீடியோ பதியும் வேகத்தைச் சொல்லும் வி30 என்ற குறி கார்டில் இருக்கட்டும்.

11. செகண்ட் ஹேண்ட் என்றால் டார்ச்சோடு போங்கள்

பாடியில் பார்க்க வேண்டியது ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்பது. தொடக்க நிலை கேமராக்களின் ஷட்டர் ஒரு லட்சம் முறை தாங்கும் என்பது பொதுவான கணக்கு. முப்பதாயிரம் ஓடியது நல்ல வண்டி, தொண்ணூறாயிரம் ஓடியதற்கு விலை பேசத்தான் வேண்டும். நிக்கானில் எடுத்த படத்தின் விவரத்திலேயே இந்த எண் பதிவாகும். கேனானில் பல மாடல்களில் அப்படித் தெரியாது, விற்பவரிடம் கேட்டுத்தான் பார்க்க வேண்டும். அப்புறம் துளையை எஃப் 16-க்கு வைத்து வெள்ளைச் சுவரைப் படம் எடுங்கள். சாம்பல் பொட்டு தெரிந்தால் சென்சாரில் தூசு. அது துடைத்தால் போகும், கீறல் என்றால் போகாது.

லென்ஸில்தான் நம் ஊருக்கே உரிய வில்லன் இருக்கிறான்: பூஞ்சை. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடலோரம் முழுக்கக் காற்றில் ஈரம். பீரோவில் துணிகளோடு ஆறு மாதம் தூங்கிய லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகப் பூஞ்சை படரும். மேலே பார்த்தால் தெரியாது. லென்ஸின் ஒரு பக்கத்திலிருந்து ஃபோன் டார்ச்சை அடித்து, மறுபக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். நரம்பு போலவோ பனிமூட்டம் போலவோ ஏதாவது தெரிந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். சுத்தம் செய்தாலும் கண்ணாடியின் மேல்பூச்சை அது அரித்திருந்தால் தடம் போகாது.

உங்கள் லென்ஸுக்கு அந்த நிலை வராமல் இருக்க, ரப்பர் விளிம்பு வைத்த காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, உள்ளே சிலிக்கா ஜெல். மணிகள் நிறம் மாறியதும் மாற்றிவிடுங்கள். கேமராப் பையிலேயே வைத்து மூடுவது, தோல் உறைக்குள் வைப்பது, யாரோ சொன்னார்கள் என்று அரிசி டப்பாவில் புதைப்பது எல்லாம் வேண்டாம். எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, வாரம் ஒருமுறை வெளியே எடுத்துப் பத்துப் படம் எடுப்பது.

12. இன்னும் முடிவாகவில்லையா? வாடகைக்கு எடுங்கள்

சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் பாடியும் லென்ஸும் நாள் வாடகைக்குக் கிடைக்கும். அடையாள அட்டை கேட்பார்கள், முன்பணம் கேட்பார்கள். வாங்க நினைக்கும் அதே மாடலை, உங்கள் குவியலில் இருக்கும் அதே இடத்துக்கு ஒரு நாள் கொண்டுபோய்ப் பாருங்கள்.

பக்கத்து இருக்கைக்காரர் அதைத்தான் செய்தார். அடுத்த ஆண்டு விழாவுக்கு ஏபிஎஸ்-சி மிரர்லெஸ் பாடி ஒன்றும் 85 மி.மீ. லென்ஸும் வாடகைக்கு எடுத்தார். முதல் நாள் இரவு வீட்டுக் கூடத்தில் டியூப்லைட்டை அணைத்துவிட்டு, ஷட்டரை 500-ல் நிறுத்தி, துளையை முழுதாகத் திறந்து, ஐஎஸ்ஓவை (படத்தை எவ்வளவு பிரகாசமாக்குவது என்ற அளவை) ஆட்டோவில் விட்டு மகளை ஆடச் சொல்லிப் பழகிக்கொண்டார். மறுநாள் நானூறு படம் எடுத்திருக்கிறார். திங்கட்கிழமை காலை மடிக்கணினியைத் திறந்து ஒன்றைக் காட்டினார். அலாரிப்பு, ஒரு கால் தரையிலிருந்து எழுந்திருக்கிறது, சலங்கை மணி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது.

"கண்ணை மூடிட்டா," என்றார். "அடுத்த வருஷம் அரங்கேற்றம். அதுக்குள்ள வாங்கிடணும். ஆனா 85 வேண்டாம், 50 போதும்னு தோணுது. நான் முன்னாடி போய் உக்காந்துக்குறேன்."